அரசு லேப்டாப்பில் தூங்கிய லினக்ஸ்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பிள்ளை உள்ள பல வீடுகளில், பீரோவின் மேலேயோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு அரசு லேப்டாப் கிடக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைத் தன் நிறுவனமான எல்காட் மூலம் வாங்கித் தமிழ்நாடு அரசு வழங்கியது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்து வாழ்கிற குடும்பங்களில் பலவற்றுக்கு அதுதான் முதல் கணினி.

தொடக்க காலத்தில் வந்த அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் பதிந்திருந்தது. ஆன் செய்தால் எதற்குள் போக வேண்டும் என்று கேட்கும். பிள்ளைகள் விண்டோஸுக்குள் போனார்கள். பாட்டு ஏற்ற, படம் பார்க்க, விளையாட, தெரிந்த அண்ணன்மார் காட்டிக்கொடுத்தது அதைத்தான். மற்றொன்று எதற்கு இருக்கிறதென்று சொல்ல ஆளில்லை. லேப்டாப் பழுதாகிக் கடைக்குப் போய்த் திரும்பும்போது பாஸ் காணாமல் போயிருக்கும். அதைத் தேடியவர்களும் குறைவு.

இத்தனைக்கும் அது வெளியூர்ச் சரக்கு இல்லை. சென்னையிலுள்ள சி-டாக் உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-இல் வந்தது. அடித்தளம் டெபியன். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கி, இன்றுவரை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் கட்டிக்காக்கும் அதே டெபியன்தான். தமிழ்நாடு அரசுக்கும் லினக்ஸ் புதிதில்லை. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்திலேயே அந்த நிறுவனத்தின் கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாறின. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அறிவுறுத்தப்பட்டன.

மேற்கே கேரளத்திலும் பள்ளிகளுக்கு லினக்ஸ் போனது. அங்கே ஐடி@ஸ்கூல் திட்டம் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பாடப்புத்தகத்தை லினக்ஸ் மென்பொருள்களை வைத்தே எழுதியது. பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வையும் அதிலேயே நடத்தியது. 2019-இல் அதன் வாரிசான கைட் நிறுவனம், உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட தன் சொந்தப் பதிப்பை இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளுக்காக வெளியிட்டது. அதனால் மிச்சமாகும் உரிமத் தொகை சுமார் 3,000 கோடி ரூபாய் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் பெட்டி பிள்ளையின் கைக்கு வந்தது, பாடம் வரவில்லை. பாஸ் தோற்றது தரத்தால் என்று சொல்வது நியாயமே இல்லை. அதற்குப் பக்கத்தில் உட்கார ஒரு வாத்தியார் இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பழைய கதை இப்போது மறுபடி முக்கியமாகிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 சில்லும் புதிய பிராசசரும் அந்தக் கால அரசு லேப்டாப்புகளில் கிடையாது. நல்ல திரையும் விசைப்பலகையும் உள்ள கருவியைக் காயலான் கடைக்கு அனுப்ப யாருக்கு மனம் வரும்? டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிறவருக்குத் தேவை ஒரு பிரவுசர், பிடிஎஃப் திறக்க ஒரு வழி, யூடியூப். இதற்கு எந்த லினக்ஸும் போதும். எதைப் போடுவது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

பெயர்கள் நிறைய. உபுண்டுவை 2004-இல் தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் டெபியனிலிருந்து உருவாக்கினார். உபுண்டுவிலிருந்து 2006-இல் லினக்ஸ் மின்ட் பிறந்தது. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு விடும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ பதின்மூன்று மாதமே ஆதரவு. புதுமையை விரும்பும் நிரலாளருக்கு அது பிடிக்கும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் நாளுக்கு ஒன்றரை ஜிபி டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் செந்துறை மாணவிக்கு அது தண்டச் செலவு. இந்த டேட்டா கணக்கைப் பெரும்பாலான ஒப்பீடுகள் கண்டுகொள்வதே இல்லை. உபுண்டு 24.04 டெஸ்க்டாப்பின் நிறுவல் கோப்பு ஏறக்குறைய 6 ஜிபி. மின்ட் அதில் பாதியளவு. டெபியனின் சிறிய நிறுவல் கோப்பு ஒரு ஜிபிக்கும் கீழே, ஆனால் மீதியை நிறுவும்போது இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது ரேம். பழைய அரசு லேப்டாப்பில் 2 ஜிபி இருந்தால் உபுண்டுவின் வழக்கமான க்னோம் திரை திணறும். மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு அங்கே ஓரளவு தாக்குப்பிடிக்கும். பத்து டேப் திறந்தால் அதுவும் தள்ளாடும், மறைப்பதற்கில்லை. இன்னொரு 2 ஜிபி ரேம் சேர்த்து, பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி மாட்டினால் அதே பெட்டி வேறு பெட்டியாகிவிடும். எந்த லினக்ஸ் என்ற விவாதத்தில் இரவெல்லாம் கழிப்பதைவிட இந்த ஒரு வேலை அதிகப் பலன் தரும்.

கடை வைத்திருப்பவரின் கணக்கு வேறு. ஜெயங்கொண்டத்தில் மனுவும் பத்திரமும் அடித்துக்கொடுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ் ஹையர் பாஸ் செய்தவர். பழைய டைப்ரைட்டர் முறையில்தான் விரல் ஓடும். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் அந்த டைப்ரைட்டர் முறையும் தமிழ்99-உம் இரண்டுமே கிடைக்கின்றன. ஆனால் அவரிடம் உள்ள மாதிரிப் படிவங்கள் எல்லாம் வானவில் எழுத்துருவில் இருக்கும். 2010-இல் யூனிகோடை அரசு தரமாக ஏற்ற பிறகும் அந்தக் கோப்புகள் ஓய்வு பெறவில்லை. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் வானவில்லையும் பாமினி எழுத்துருவையும் யூனிகோடாக்கும் நிரல்கள் இலவசமாக உள்ளன. மாற்றிய பின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

பிறகு பிரின்டர். ஊர் ஊராக ஜெராக்ஸ் கடைகளில் உழைக்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் எளிதில் பணியாது. அதற்கான கேப்ட் டிரைவரை ஓட வைப்பதற்குள் வாசலில் நிற்கும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பல எச்பி பிரின்டர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை; எச்பியே லினக்ஸுக்கு மென்பொருள் தருகிறது. டேலியில் கணக்கெழுதும் உரக்கடையும், பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகமும் மாற வேண்டியதில்லை. அவர்களை வற்புறுத்தி மாற்றினால், ஒரு வாரத்தில் லினக்ஸையே வைவார்கள்.

ஆக வீட்டு லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இந்தக் கட்டுரை துணிந்து பரிந்துரைக்கிறது. விண்டோஸில் பழகிய கைக்குத் திரை அந்நியமாகத் தெரியாது. கீழே இடது மூலையில் மெனு, அதே ஜன்னல்கள். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு. பள்ளி ஆய்வகத்துக்கு டெபியனோ பாஸோ பொருந்தும்: இருபது கணினிகளை ஒரே மாதிரி வைத்து, அடிக்கடி தொடாமல் விட்டுவிடலாம். இணையத்தில் தமிழில் உதவி தேடுகிறவருக்கு 2012 முதல் வந்துகொண்டிருக்கும் கணியம் இதழின் கட்டுரைகளும் மின்னூல்களும் கை கொடுக்கும்.

நிறுவும் முன் பென்டிரைவிலிருந்து லைவாக ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் திரை எழுகிறதா, பிரின்டர் ஒரு பக்கமாவது அடிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். பழைய படங்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் வேறிடத்தில் நகலெடுத்த பிறகுதான் நிறுவு என்ற பொத்தானுக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் கூடவே இருந்து செய்துகாட்ட ஆள் வேண்டுமே? பெரம்பலூரிலிருந்து திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே போனால் வரும் விழுப்புரத்தில், கிராமத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து லினக்ஸும் நிரலாக்கமும் சொல்லித்தரும் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று பல ஆண்டுகளாக இயங்குகிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் கலைக் கல்லூரிகள் உண்டு, பொறியியல் கல்லூரிகள் உண்டு, சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் கணினி ஆய்வகங்களும் உண்டு. தமிழ்நாடு அரசின் 2025 நிதிநிலை அறிக்கை கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கையடக்கக் கணினிகளோ மடிக்கணினிகளோ தருவதாக அறிவித்தது. அவை வகுப்பறைக்கு வரும் வாரத்திலேயே, அந்த ஆய்வகங்களில் ஒன்றைத் திறந்துவைத்து, பீரோ மேலிருக்கும் பழைய லேப்டாப்பையும் கொண்டுவரச் சொல்லலாம்.