கரிசல் வெயிலில் மின்கார்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையில் நிழல் அரிய பொருள். இருமருங்கும் கரிசல் நிலம், அதனை மூடிய சீமைக் கருவேலம், பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கும் குண்டாறு. சென்ற சித்திரையில் நண்பர் ஒருவரின் மின்காரில் இவ்வழியே கமுதி வரை சென்று வந்தேன். அங்கே 2016-இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் பலகைகள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கின்றன.

எங்கள் வீட்டிலும் மின்கார் வாங்கும் பேச்சு எழுந்திருந்தது. கனடாவிலிருக்கும் மருமகனோ, "மாமா, இங்கே பனிக்காலத்தில் சார்ஜ் நிற்பதேயில்லை, யோசித்து வாங்குங்கள்" என்று எச்சரித்திருந்தான்.

அவன் கூற்றில் உண்மை உண்டு. பெட்ரோல் காரில் எஞ்சின் வீணாக்கும் சூடே உள்ளிருப்போருக்குக் கதகதப்பளிக்கிறது. மின்காரில் வீண்சூடு மிகக் குறைவு. ஆகவே ஹீட்டருக்கும் பேட்டரியே மின்சாரம் தரவேண்டும். குளிரில் பேட்டரியின் வேதிவினையும் மந்தமாகிறது. அமெரிக்க வாகன ஓட்டிகளின் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019-இல் ஐந்து மின்கார்களைச் சோதித்தது. உறைநிலைக்குக் கீழே 7 டிகிரியில், ஹீட்டருடன் ஓடும் தூரம் சராசரியாக 41 விழுக்காடு குறைந்தது. 35 டிகிரி வெப்பத்தில் ஏ.சி.யுடன் குறைந்ததோ 17 விழுக்காடே.

இதனை ரூபாயில் பார்ப்போம். மிதமான காலத்தில் 100 கி.மீ. ஓட 15 யூனிட், யூனிட் 8 ரூபாய் எனக் கொண்டால் 120 ரூபாய். நம் வெயிலில் 18 யூனிட், 144 ரூபாய். அதே விலையில் அக்கடுங்குளிரில் 25 யூனிட், 200 ரூபாய். அப்படியிருந்தும், நார்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மின்கார்களே!

எனினும் நம் வெயிலை இலேசாக எண்ணிவிடலாகாது. குளிர் பறித்த தூரம் கோடையில் திரும்பிவிடும். வெப்பம் அரித்த பேட்டரி ஆயுளோ திரும்புவதில்லை. முழுச் சார்ஜுடன் நாட்கணக்கில் வெயிலில் நிறுத்துவது பெருங்கேடு. இதனாலேயே நண்பர் ஓடிவந்த சூட்டோடு சார்ஜில் போடுவதில்லை. அஸர் வரை வேப்பமரத்தடியில் ஆறவிடுகிறார். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி குளிரில் சற்றுச் சுணங்கினாலும் வெப்பத்தை நன்கு தாங்கும். வாங்குவோர் பேட்டரியின் வகையையும், அதனைக் குளிர்விக்கும் ஏற்பாட்டையும் கடையில் கேட்டறிதல் நலம். வாசலில் மரமில்லாத வீட்டார், கொட்டகை போடும் செலவையும் காரின் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.