அறியா வினா

முதலியார்பேட்டையில், கடலூர் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், நண்பர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் சதுரங்கம் ஆடுவோர் கூடும் வழக்கமொன்றை நாங்கள் தொடங்கினோம். ஆடுவதற்கு இன்று ஆளுக்கும் பஞ்சமில்லை, கைப்பேசிக்கும் பஞ்சமில்லை. ஆட்டம் முடிந்தபின் ‘எங்கே பிசகினேன்?’ என்று ஒருவர் கேட்கவும், தெரிந்தவர் சொல்லவும் ஓரிடம் வேண்டும் என்பதே எங்கள் ஆசை. நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்றை மேசைமேல் வைத்தோம். பெயர் போடாமலும் கேள்வி எழுதலாம். அடுத்த ஞாயிறு கூடிப் பேசி விடை காண்பது என்று ஏற்பாடு.

எங்கள் மனத்தில் இருந்த முன்மாதிரி சென்னையின் தால் சதுரங்கக் கழகம். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரன், 1972இல் சோவியத் கலாசார மையத்தில் தொடங்கியது அது. வென்றவர் இருக்கையில் நீடிப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அங்கே ஆடித்தான் தேறினார். அவரைப் பற்றி எங்களுக்கு அதைவிடப் பிடித்த செய்தி ஒன்றுண்டு. 1970களின் இறுதியில் குடும்பம் மணிலாவில் இருந்தபோது, அங்கே தொலைக்காட்சியில் பகலில் சதுரங்கப் புதிர் ஒளிபரப்புவார்கள். மகன் பள்ளியில் இருக்கும் நேரம் அது. தாயார் சுசீலா புதிரைக் குறித்து வைப்பார். மாலையில் இருவருமாக விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். கடைசியில் நிலையத்தாரே, ‘வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே’ என்று சொல்லிவிட்டார்களாம்.

எங்கள் நோட்டிலும் கேள்விகள் நிரம்பின. ஆனால் இரண்டு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது ஒரு சங்கடம் தெரிந்தது. கேட்டவர்கள் எல்லோருக்கும் விடை முன்பே தெரிந்திருந்தது! நன்னூல் வினாவை ஆறாகப் பகுக்கிறது. தான் அறிந்ததையே பிறர் அறிவாரா என்று சோதிக்கக் கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியா வினா. ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்தும் எங்களுக்கு, எங்கள் நோட்டு முழுக்க அறிவினாவாக இருப்பது உறைக்கவில்லை. அவற்றில் பாதி எங்கள் கையெழுத்து என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியத் தொழிலின் நோய் அது.

அந்நாளில்தான் அந்தப் பெரியவர் வந்தார். 2020இல் நிரந்தரமாக மூடப்பட்ட ஏ.எஃப்.டி. ஆலையில் தறி ஓட்டியவர். அவர் ஆடியது பழைய நாட்டு ஆட்டம். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டுதல் கிடையாது. ராஜா மட்டும் ஒரே ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம். ராணியை அவர் மந்திரி என்பார். பிஷப்பைச் சிறுவர்கள் மந்திரி என்பார்கள். இந்தக் குழப்பத்தில் சிரிப்புக்குக் குறைவில்லை.

ஒரு ஞாயிறு, புதிதாகக் கற்ற உற்சாகத்தில் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். எதிரே இருந்த பன்னிரண்டு வயதுப் பையன் ‘ஆன் பாசான்’ என்று சொல்லி வெட்டி எடுத்தான். “நான் நிற்கிற இடத்தை விட்டுட்டு, பக்கத்துக் காலி மனையில இறங்கி என்னை எப்படித் தம்பி வெட்டின?” என்றார் பெரியவர். “இதுகூடத் தெரியாதா தாத்தா?” என்று பையன் சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. எங்கள் கூடத்தில் எழுந்த முதல் அறியா வினாவுக்கு நாங்கள் கொடுத்த விடை சிரிப்பு.

மூன்றாம் வாரம் பலகையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனோம். போகுமுன் எங்களையே கேட்டுக்கொண்டதில், விதி தெரியுமே தவிர அதன் காரணம் எங்களுக்கும் சரியாகத் தெரியாது என்பது புலப்பட்டது. தேடிப் படித்தோம். ஐரோப்பாவில் ஆட்டத்தை விரைவுபடுத்தச் சிப்பாய்க்கு முதல் நகர்வில் இரண்டு கட்டம் தந்தார்கள். அந்தச் சலுகையால் அது எதிரிச் சிப்பாயின் வெட்டுக்குத் தப்பி ஓடலாயிற்று. அதைத் தடுக்க வந்ததே இவ்விதி. பெயருக்குப் பொருள் ‘கடந்து போகையில்’. தெருப் பெயர்ப் பலகையெல்லாம் பிரெஞ்சில் தொங்கும் ஊரில் இருந்துகொண்டு இந்தச் சொல்லின் பொருளை ஒருவரும் விசாரித்ததில்லை.

பெரியவர் காய்களை வைத்து இருமுறை நகர்த்திப் பார்த்தார். “அவசரத்துக்கு ரெண்டடி வைக்கலாம். காவல்காரன் கண்ணுல மண்ணைத் தூவிட்டுப் போகக் கூடாது. அதானே சார்?” என்றார். நாங்கள் சொன்ன முழு விளக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது. வருவதாக மட்டும் அவர் சொல்லவில்லை.

அதன்பின் நோட்டில் ஒரு மாற்றம் செய்தோம். தான் தோற்ற ஆட்டத்திலிருந்தே கேள்வி எழுத வேண்டும். எங்களுக்கும் அதே விதி. எழுதக் கூசியது. கேள்விகள் பாதியாகக் குறைந்தன. ஆனால் விடைகளின் சுபாவம் மாறியது. ‘யானையை வெட்டியிருக்கலாமா?’ என்பதற்கு, ‘கணினி இப்படிச் சொல்கிறது’ என்று எண்ணைக் காட்டுவோர் குறைந்து, ‘நான் வெட்டித்தான் போன மாதம் மாட்டிக்கொண்டேன்’ என்போர் வந்தார்கள். நன்னூல் சொல்லும் எட்டு விடைகளில் உற்றது உரைத்தல் என்பது இதுதான்.

ஒரு மாதம் கழித்துப் பெரியவர் படியேறி வந்தார். அன்று நோட்டில் அந்தப் பையனின் கையெழுத்தில் ஒரு கேள்வி இருந்தது, பெயரோடு: ‘தாத்தா, உங்க ஆட்டத்துல ராஜாவுக்கு செக் வெச்ச பிறகும் குதிரை மாதிரி தாவலாமா?’

பெரியவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். “தாவக் கூடாது. செக் வாங்கிட்டா அந்த உரிமை போச்சு” என்றார். பையன் உடனே, “ஏன்?” என்றான்.

அவர் பலகையை இழுத்துக் காய்களை அடுக்கத் தொடங்கினார்.