மரத்தடி வைரவர்

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் புத்தூரின் செம்மண் தோட்டங்களுக்குள் இறங்கினால் கோபுரங்களுக்கு முன்னே கண்ணில் படுகிறவர் காவல் தெய்வமான வைரவர்தான். ஒரு வேம்பு, அடியில் நட்ட சூலம், கற்பூரம் எரிந்து கறுத்த கல். கோயில் அவ்வளவுதான். வெங்காயம் நடத் தொடங்கும் அன்று அங்கே ஒரு கற்பூரம் கொளுத்தாமல் மண்வெட்டி தூக்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த ஊரை வெளியார் அறிவது நிலாவரைக் கிணற்றால். 1859இல் வெளிவந்த தன் இலங்கை நூலில் பிரித்தானிய அதிகாரி எமர்சன் தெனன்டும் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லில் இறங்கிய மழைநீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. அந்த மெல்லிய நீரை நம்பிப் பயிர் செய்கிற சனம் கிணற்றடியிலும் மரத்தடியிலும் தெய்வத்தைக் கண்டதில் எனக்கு வியப்பில்லை. ஜப்பானிலும் ஷின்தோ ஆலயங்களின் முதுமரங்களுக்கு வைக்கோற்கயிறு கட்டி வணங்குகிறார்கள்; திருவிழாவில் அயலவர்களே பல்லக்கைத் தோளில் சுமக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து வைரவர் பொங்கலும் அப்படித்தான், அயலவர் கூடிச் செய்வது. விடியமுன் ஒருவர் விறகு கொண்டு வருவார், இன்னொருவர் அரிசி. உழுந்து அரைத்து, வடை சுட்டு, மாலை கோக்கப் பெண்கள் கூடுவார்கள். யார் வீட்டில் சுகமில்லை, யாருடைய பிள்ளை சோதனை எழுதுகிறது என்பதெல்லாம் அந்த அடுப்படியில் தெரிந்துவிடும். பேச்சுவார்த்தை அறுந்த இரு வீட்டார் ஒரே பானையைப் பிடித்து இறக்குவதும் அங்கேதான். 1995 ஒக்டோபரில் போரால் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து போய், அடுத்த ஆண்டு திரும்பியபோது, வீடு பார்த்த கையோடு பலர் போனது இந்த மரத்தடிகளுக்கு.

அழகை மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. குறிச்சிக்கொரு வைரவர் வந்ததற்குச் சாதியும் காரணம். பெரிய வாசல்களில் மறிக்கப்பட்டவர்களுக்குச் சூலமே சன்னிதி. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைவதற்கே போராட வேண்டியிருந்த குடாநாடு இது.

இப்போது கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் காசு வருகிறது. மண்டபம் எழுகிறது, தளம் பளபளக்கிறது. வேர் தளத்தை வெடிக்க வைக்கும் என்று மரத்தையே தறித்த இடங்களும் உண்டு. அனுப்புகிறவர்களின் பற்றை நான் மதிக்கிறேன். ஊரைப் பிரிந்த தவிப்பு அது. அவர்களிடமும் இங்குள்ள நிர்வாக சபைகளிடமும் கேட்பது இவ்வளவுதான்: மரத்தைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணை விடுங்கள். பொங்கலுக்குச் சமையற்காரரைக் கூலிக்குப் பிடிக்காமல், எல்லாக் குறிச்சிப் பிள்ளைகளையும் கூப்பிட்டு அகப்பையைக் கொடுங்கள்.