கோர்ட்டு அல்ல, கலாசாலை!

பெசன்ட் நகரிலே குடியிருப்பவர்களுக்குத் தங்கள் கடற்கரையைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. "மெரீனாவா? அது ஊருக்கெல்லாம் பொது. இதுவோ எங்கள் வீட்டு வாசல்!" என்று சொல்லிக்கொள்வார்கள். இருபது வருஷங்களாக இந்தப் பேட்டையில் வசித்து, அருகிலுள்ள பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திரம் போதித்து வரும் அடியேனுக்கும் அந்தக் கர்வம் இல்லாமலில்லை. அதன் காரணமாகவோ என்னவோ, மெரீனாப் பக்கம் அதிகமாகப் போவதில்லை.

அப்படிப் போகாமல் இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை இதுவரையில் யாரிடமும் சொன்னதில்லை, நேயர்களிடம் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பட்டப் பத்திரத்தில் "சென்னைச் சர்வகலாசாலை" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சர்வகலாசாலைக்குள் நான் காலடி வைத்தவன் அல்லன்! படித்தது அதனோடு இணைந்த ஒரு கல்லூரியில். பட்டமளிப்பு விழாவுக்குப் போவதென்றால் கறுப்பு அங்கிக்கு வாடகை கொடுக்க வேண்டுமே என்று யோசித்து, பட்டத்தைத் தபாலிலேயே வருவித்துக்கொண்டேன். ஒரு வீட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு இருபது வருஷம் பிழைத்துவிட்டு, அந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்காதவன் நிலை என்னுடையது.

1639-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் தேதியைச் சென்னை நகரம் பிறந்த நாளாகக் கொண்டு, 2004-ஆம் ஆண்டு முதல் ஆகஸ்டு மாதந்தோறும் ஒரு கொண்டாட்டம் நடந்து வருகிறது. பழைய இடங்களை விவரம் அறிந்தவர்கள் கால்நடையாக அழைத்துச் சென்று காட்டுவது அதில் ஒரு பகுதி. சேப்பாக்கத்துச் சர்வகலாசாலையைச் சுற்றிக் காட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கர் பதினொரு பேரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவர்களில் ஒருத்தி ஊரூர் குப்பத்துச் சிறுமி. தகப்பனார் கட்டுமரக் காலத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். வகுப்பிலே அவள்தான் எப்போதும் முதல். ஆனால், "பரீட்சைக்குப் பிறகு என்ன செய்யப் போகிறாய், அம்மா?" என்று கேட்டால், சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாள்.

திருவான்மியூரில் பறக்கும் ரயிலில் ஏறிச் சேப்பாக்கத்தில் இறங்கினோம். வாலாஜா சாலையில் கடலை நோக்கி நடக்கையில் பையன்கள் நால்வருடைய கழுத்து கிரிக்கெட் மைதானத்தின் பக்கமே திரும்பியிருந்தது. அவற்றை மிகுந்த சிரமத்துடன் நேராக்கி, சாலை முனைக்கு அழைத்துப் போனேன். அங்கே எங்கள் வழிகாட்டி காத்திருந்தார். கட்டடக் கலை பயின்ற இளம் பெண்மணி, கணீரென்ற குரல்.

முதலில் செனட் மண்டபம். ராபர்ட் சிஷோம் என்ற ஆங்கிலச் சிற்பி திட்டமிட, 1874-இல் தொடங்கி 1879-இல் முடிந்த கட்டடம். நாலு மூலைகளிலும் கோபுரங்கள். அவற்றின் மேல் கும்மட்டங்கள். செங்கல்லும் கருங்கல்லும் கலந்த வேலை. பைஸாந்தியப் பாணியும் முகம்மதியப் பாணியும் நம் நாட்டுத் தச்சர்களின் கைவண்ணமும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் குடித்தனம் செய்கின்றன. நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது குப்பத்துச் சிறுமி என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"சார், எங்க அம்மா பொறந்தது நடுக்குப்பம். எங்க ஆயா மீன் கூடையோட இந்த வழியாத்தான் போவாங்க. இத்தனை வருஷமா இது கோர்ட்டுன்னு நெனச்சிட்டிருக்காங்க!"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிழவி நினைத்ததில் என்ன தவறு? உயர்ந்த கும்மட்டமும் இரும்புக் கதவும் உள்ள இடத்திற்கு ஏழை மனிதர் எப்போது போவார்? வம்பு வழக்கு வந்தால்தான் போவார். வாசலில் ஒருநாளும் "வா" என்று சொல்லாத கட்டடம் கோர்ட்டாகத்தானே இருக்கவேண்டும்?

வழிகாட்டிப் பெண்மணியின் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். "வெள்ளைக்காரர்கள் தாமாக மனமிரங்கிக் கொடுத்த கலாசாலை என்று நினைக்காதீர்கள்" என்று ஆரம்பித்தார். 1839-ஆம் ஆண்டு நவம்பரில், ஆங்கிலக் கல்விச்சாலை வேண்டுமென்று ஜார்ஜ் நார்ட்டன் என்ற வக்கீல் முன்னின்று, சுமார் 70,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று கவர்னர் எல்பின்ஸ்டனிடம் போய்ச் சேர்ந்தது. தந்தியும் ரயிலும் இல்லாத காலத்திலே எழுபதினாயிரம் கையொப்பம்! அதன் பலனாக 1841-இல் ஓர் உயர்தரப் பள்ளி தோன்றிற்று. 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி, வடக்கே சிப்பாய்களின் புரட்சி நடந்துகொண்டிருந்த சமயத்தில், சென்னைச் சர்வகலாசாலை சட்டபூர்வமாகப் பிறந்தது. லண்டன் சர்வகலாசாலையைப் பின்பற்றியதால், அது வெகு காலம் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. பரீட்சை நடத்திப் பட்டம் கொடுத்ததோடு சரி.

உள்ளே போனோம். பெரிய மண்டபம் சுமார் 130 அடி நீளம், 58 அடி அகலம், 54 அடி உயரம். வர்ணக் கண்ணாடிகள் வழியாகக் காலை வெயில் தரையிலே கோலம் போட்டிருந்தது. பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். 1937-ஆம் ஆண்டு ஜூலை முதல் டிசம்பர் வரையில், ராஜாஜி பிரதம மந்திரியாயிருந்த சென்னைச் சட்டசபை கூடியது இந்த மண்டபத்தில்தான். பட்டம் பெற்றவர்கள் மட்டும் வந்து நின்ற இடத்தில், ஜனங்களின் வோட்டுப் பெற்றவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்!

வெளியே தோட்டத்தில் இரண்டு சிலைகள் என் கருத்தைக் கவர்ந்தன. ஒன்று, 1887-இல் நகரத்துக்கு அளிக்கப்பட்ட விக்டோரியா மகாராணியின் சிலை. மற்றொன்று நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயரின் சிலை. 1917-ஆம் ஆண்டு ஜூனில் அன்னி பெசன்ட் அம்மையாரைச் சர்க்கார் காவலில் வைத்தபோது, எழுபத்தைந்து வயதை நெருங்கியிருந்த இந்தக் கிழவர் அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்கு இந்தியாவின் குறைகளை எழுதி அனுப்பினார். அதற்காக ஆட்சியாளர் அவரை நிந்தித்தபோது, 'ஸர்' பட்டத்தையும் 'திவான் பகதூர்' பட்டத்தையும் 1918-இல் துறந்துவிட்டார். பட்டம் கொடுக்கும் வீட்டின் தோட்டத்தில் பட்டத்தைத் துறந்தவருக்குச் சிலை! எந்த அம்மையாருக்காக அவர் எழுதினாரோ, அவருடைய பெயரைத் தாங்கிய நகரில் குடியிருந்துகொண்டு இது இத்தனை நாளும் என் பாடத்தில் இடம் பெறவில்லையே என்று வெட்கப்பட்டேன்.

அடுத்து நூலகம். 1924-இல் இதன் முதல் நூலகராக வந்த எஸ். ஆர். ரங்கநாதன் அதற்கு முன் கணித உபாத்தியாயர். வந்த புதிதில் இந்த வேலை பிடிக்காமல், மறுபடியும் வகுப்பறைக்கே போய்விட விரும்பினார். லண்டனுக்குச் சென்று நூலகக் கலையைப் பயின்று திரும்பிய பிறகு அவர் வேறு மனிதராகிவிட்டார். பூட்டிய அலமாரிகளில் உறங்கிய புத்தகங்களை, வாசகர் தாமே எடுத்துப் பார்க்கும்படி திறந்து வைத்தார். 1933-இல் அவர் வெளியிட்ட நூல் வகைப்பாட்டு முறையை உலகமே கற்றது. கதவைத் திறப்பதையே ஒரு சாஸ்திரமாக்கியவர் என்று அவரைச் சொல்லலாம்.

கடைசியாக, ராமானுஜன் பெயர் தாங்கிய கணித ஆராய்ச்சி நிலையத்தின் அருகே நின்றோம். "எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர் அவர்" என்றார் வழிகாட்டி. பையன்களின் முகம் மலர்ந்தது. துறைமுக ஆபீஸில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தாவாக இருந்தவருக்கு, பட்டமில்லாதவருக்கு இடங்கொடுக்காத விதிகளைத் தளர்த்தி, 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது இந்தச் சர்வகலாசாலை. அடுத்த ஆண்டு அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். தான் அடைத்த கதவைத் தானே திறந்ததுதான் இந்தக் கலாசாலை செய்த காரியங்களில் பெரியது என்று எனக்குத் தோன்றிற்று.

"ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார் வழிகாட்டி. கும்மட்டத்தின் உயரம் என்ன, கடிகாரம் ஓடுகிறதா என்றெல்லாம் பிள்ளைகள் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பட்பட்டென்று பதில் வந்தது. பிறகு குப்பத்துச் சிறுமி கேட்டாள்: "அக்கா, இங்கே சேர்றதுக்கு என்ன செய்யணும்?"

பெண்மணி ஒரு கணம் பேசவில்லை. அவர் தயாரித்துக்கொண்டு வந்த குறிப்புகளில் அந்தக் கேள்விக்கு மட்டும் விடை இல்லை போலும். பிறகு, "முதலில் ஒரு கல்லூரியில் பட்டம் வாங்கணும், அம்மா. அப்புறம் எம்.ஏ.யோ எம்.எஸ்ஸி.யோ படிக்க இங்கே விண்ணப்பம் போடலாம்" என்று நிதானமாகச் சொன்னார். சிறுமி அதை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டாள். அன்று அவள் எழுதிக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

திரும்பும்போது வண்டியில் அவள் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தாள். அவள் வசிக்கும் குப்பத்துக்கு ஊரூர் ஆல்காட் குப்பம் என்று பெயர். பள்ளிக்கூடங்கள் கதவைச் சாத்தியிருந்த தாழ்த்தப்பட்ட ஜாதிக் குழந்தைகளுக்காக 1894-இல் இலவசப் பள்ளி திறந்த கர்னல் ஆல்காட்டின் பெயர் அது. திறந்த கதவு ஒன்றின் நிழலிலேதான் அவள் வளர்ந்திருக்கிறாள். அடுத்த கதவு எட்டு மைலுக்குள் இருக்கிறது. ஆனால் யாராவது ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போகாவிட்டால், எட்டு மைல் எண்ணூறு மைல்தான்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் கேட்டேன்: "ஆயாவிடம் சொன்னாயா, அது கோர்ட்டு இல்லை என்று?"

"சொன்னேன் சார். 'அப்படின்னா அங்க படிக்க எவ்வளவு காசு ஆகும்?'னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னாய்?"

"சார் கிட்ட விசாரிச்சுச் சொல்றேன்னு சொன்னேன்" என்றாள்.

இந்த முறை அவள் பேச்சை மாற்றவில்லை. நேயர்களே, அதை விசாரிப்பதுதான் இப்போது என் வேலை.