எருமைக்கு எதிரே

வலது கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. பேனா பிடிக்கையில் வலிக்கிறது. இதை அந்த வலியிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம்.

ஐம்பது வயதுக்குமேல், இங்கே ஜெர்மனியில், ஒரு பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் பழைய நீள்வாள் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தேன். இரண்டு கைகளாலும் பிடிக்கிற வாள். எடை சுமார் ஒன்றரைக் கிலோ. கூர் மழுக்கியது. முகத்துக்குக் கம்பிவலை மூடி. என்னோடு மோதுகிறவர்களில் ஓர் இளைஞன். என்னைவிட ஒரு தலை உயரம். முறை என்று அவனிடம் ஒன்றும் கிடையாது. ஓங்குவான், இறக்குவான், மறுபடி ஓங்குவான். நான் பின்னால் போய்க்கொண்டே இருப்பேன், முதுகில் சுவர் படும்வரை. ஒருநாள் ரோஷம் வந்து, பலத்துக்குப் பலம் என்று வாளைக் குறுக்கே கொடுத்தேன். நகம் கறுத்தது அன்றுதான்.

ஓங்கிய கையைக் கண்டால் என் கால் தானாகப் பின்னே போகும். வாளுக்கு முந்திய பழக்கம். சிறுவயதில் வீட்டில் கற்றது. இதைப் பற்றி இருபது வருஷம் கவிதை எழுதிப் பார்த்தேன். கவிதையிலும் பின்வாங்கித்தான் இருக்கிறேன் என்று இப்போது படுகிறது.

இந்த வித்தைக்கு மூலம் 14ஆம் நூற்றாண்டின் யோஹன்னஸ் லீஷ்டனாவர் பெயரில் வழங்கும் செய்யுள். கண்டவன் கைக்குப் போய்விடக் கூடாதென்று வேண்டுமென்றே மறைபொருளாகச் செய்தது. பின்னால் வந்தவர்கள் உரை எழுதினார்கள். 1452 தேதியிட்ட உரைப் பிரதி ஒன்று ரோமில் இருக்கிறது. புரியாத கவிதை பற்றி நாம் போட்ட சண்டைகள் ஞாபகம் வந்தன.

பலம் ஒன்றையே நம்பி வெட்டுகிறவனுக்கு அந்தச் செய்யுள் வைத்த பெயர் எருமை. நமக்கு எருமை, மழையில் நகராமல் நிற்பது. அங்கே மேலே வந்து விழுவது. அவனுக்கு மாற்று 'ஷீல்ஹவ்' என்கிற ஓரக்கண் வெட்டு. அவன் மேலிருந்து வெட்டும்போது நாமும் மேலிருந்தே வெட்ட வேண்டும். ஆனால் கைகளை நீட்டி, வாளைத் திருப்பிப் பின்கூரால் அவன் வாளின் நுனிப்பாகத்தைச் சந்தித்தபடி அவன் வலது தோளுக்குப் போக வேண்டும்.

வாளின் பலம் பிடியை ஒட்டிய பாதியில். நுனிப் பாதி பலவீனம். எப்பேர்ப்பட்ட பலசாலி வெட்டினாலும் நம்மிடம் முதலில் வந்து சேர்வது அவன் பலவீனம்தான். அதை என் பலத்தால் சந்திக்க வேண்டுமானால் நான் முன்னே போகவேண்டும். பின்வாங்கினால் என் நுனிதான் அவனுக்குக் கிடைக்கும். உரையைப் பலமுறை படித்தும் இது விளங்கவில்லை. கால் ஓரடி வைத்தபோது விளங்கியது.

போன வாரம் வைத்தேன். அவன் வாள் என் வாள்மேல் பட்டுப் பக்கவாட்டில் வழுக்கிப் போயிற்று. என் வாள் அவன் தோள்மேல் இருந்தது. கை நடுங்கிக்கொண்டிருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த சுற்றில் வழக்கம்போல் அடித்தான். பட்டது. ஆனால் சுவர் எனக்கு வெகுதூரம் பின்னால் இருந்தது.