தண்ணிக்கு வைத்தியம்

ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்ததை நிறைய எழுதியிருக்கேன். கோழிக்குக் கழிச்சல் வந்தப்பவும் எழுதினேன். தங்க மீனுக்கு வைத்தியம் பார்த்து எழுதுவேன்னு நினைக்கலைங்க. உங்கள்ல பல பேர் வீட்ல கண்ணாடித் தொட்டி இருக்கும். ஒருத்தருக்காவது உதவட்டும்.

மகள் ரெண்டாவது பிரசவத்துக்கு வந்திருக்கா. கூடவே ஆறு வயசுப் பேத்தி. பள்ளிக்கூடம் முழுப் பரீட்சை லீவு. கோயமுத்தூர்ல கூட்டாளிகளோட இருந்த புள்ளைக்கு இங்க பொழுது போகலை. மாப்பிள்ளை ஒரு ஞாயித்துக்கிழமை தொட்டி, மோட்டார், கலர் கல்லு, மூணு தங்க மீன் எல்லாம் வாங்கிட்டு வந்தாரு. மத்தியானமே தண்ணி ரொப்பி மீனை விட்டுட்டு, ராத்திரி பஸ்சுக்குக் கிளம்பிட்டாரு. ரெண்டடி நீளத் தொட்டி, சுமார் 50 லிட்டர் தண்ணி பிடிக்கும்.

அஞ்சாம் நாள் ஒரு மீன் செத்து மிதந்துச்சு. இன்னொண்ணு தண்ணி மேல வந்து வாயைப் பொளந்துட்டே இருந்துச்சு. மூணாவது துடுப்பை ஒடம்போட ஒட்டிக்கிட்டு அடியிலயே படுத்திருந்துச்சு. செத்ததைத் தென்னை மரத்தடியில புதைச்சோம். புள்ள அன்னிக்குச் சாப்பிடலை. ராத்திரி அவங்கம்மா வயித்துல கைய வெச்சு, "இந்தப் பாப்பாவும் செத்துப் போயிருமா?"ன்னு கேட்டிருக்கு. மகள் அழுதுட்டா. அதுக்கப்புறம் அந்த ரெண்டு மீனும் பொழைச்சே ஆகணும்னு ஆயிருச்சுங்க எனக்கு.

டவுன் கடையில கேட்டதுக்கு ஒரு நீல மருந்தைக் குடுத்தாங்க. பக்கத்து ஊர்ல வண்ண மீன் வளர்க்கிற தம்பிக்குப் போன் போட்டேன். "ஒடம்புல வெள்ளைப் புள்ளி, பஞ்சு மாதிரி பூஞ்சை ஏதாச்சும் இருக்குதுங்களாண்ணா?"ன்னு கேட்டாப்ல. ஒண்ணுமில்லைன்னேன். "அப்ப மருந்தை ஊத்தாதீங்க. தண்ணியைப் பாருங்க"ன்னாப்ல.

சாயங்காலமே தண்ணி சோதிக்கிற சொட்டு மருந்தோட வந்துட்டாப்ல. அம்மோனியா இல்லாட்டி மஞ்சளா இருக்குமாம். எங்க தண்ணி நல்ல பச்சையாயிருச்சு. கண்ணுக்குத் தெளிவா இருந்த தண்ணிதான்!

அவர் வெளக்கினதும் எனக்குச் சட்டுனு புரிஞ்சுது. பச்சைச் சாணியை நேரா வேர்ல கொட்டினா செடி கருகிரும். மக்கினாத்தான் எரு. மண்ணுல இருக்கிற நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், வேறொரு நுண்ணுயிர் அதை நைட்ரேட்டாக்கும். தொட்டியிலயும் அதேதான். மீனோட செவுள் வழியா அம்மோனியா வெளிய வந்துட்டே இருக்கு. அழுகுற தீனியில இருந்தும் வருது. அதை மாத்துற உயிர் பஞ்சுலயும் கல்லுலயும் குடியேறிப் பெருக நாலஞ்சு வாரம் ஆகும். புதுத் தொட்டியில அது இல்லை. மீன் தன் கழிவுலயே வேகுது. சித்திரை வெயில்ல தண்ணி சூடாகி, அதுல இருக்கிற காத்தும் கொறைஞ்சு போச்சு.

எங்க மாட்டுத் தொட்டியில மீனு பல வருசமா கெடக்கு. மோட்டாருமில்லை, மருந்துமில்லை. தண்ணி அதிகம், சுவரெல்லாம் பாசி, அத்தனையும் பழசு. இத்தனை நாளா அதைப் பார்த்துட்டுத்தான் இருந்திருக்கேன், காரணம் இப்பத்தான் தெரியுது.

செஞ்ச வைத்தியம் இவ்வளவுதாங்க. ரெண்டு நாள் தீனி நிறுத்தினோம். தங்க மீன் கெண்டை சாதி, ரெண்டு நாள் பட்டினியைத் தாங்கும். தெனமும் கால் பங்கு தண்ணியை எடுத்துட்டு, முந்தின நாளே பக்கெட்டுல புடிச்சு வெச்ச தண்ணியை மெதுவா ஊத்தினோம். ஒரேயடியா முழுசும் மாத்தக் கூடாது, சூடும் வித்தியாசப்படக் கூடாது. லிட்டருக்கு ஒரு கிராம் கணக்குல 50 கிராம் கல்லுப்பைக் கரைச்சு விட்டோம். உப்பு ஆவியாப் போகாது. அதனால மாத்தின தண்ணி அளவுக்குத்தான் மறுபடி போடணும். காத்து மோட்டார் ராத்திரி பகலா ஓடுச்சு. அந்தத் தம்பி தன்னோட பழைய தொட்டிப் பஞ்சுல ஒரு துண்டு வெட்டிக் குடுத்தாப்ல. தயிருக்கு உறை ஊத்துற மாதிரிங்க அது.

பக்கெட் வேலை பேத்திக்கு. "அப்பிச்சி, அம்மாவுக்கு டாக்டர் இருக்காங்க. மீனுக்கு நாந்தான டாக்டரு?"ன்னு கேட்டுச்சு. ஆமாஞ் சாமின்னேன். கோடு போட்ட நோட்டுல தெனமும் பச்சையா மஞ்சளான்னு கலர் பென்சில்ல தீட்டி வெச்சுது.

வாயைப் பொளந்துட்டு இருந்த மீன் நாலாம் நாளே அடங்கிருச்சு. அடியில கெடந்தது ரொம்ப இழுத்துச்சு. போயிரும்னுதான் நெனச்சேன், புள்ளைகிட்டச் சொல்லலை. ஒம்பதாம் நாள் காலையில துடுப்பை விரிச்சுட்டுத் தீனிக்கு மேல வந்துச்சு. மகளைக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து காட்டுச்சு புள்ள.

புதுசா வாங்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. தொட்டியை முதல்ல வாங்குங்க, மீனை அப்புறம் வாங்குங்க. பழைய பஞ்சு கெடைச்சா அதோட ஒரே ஒரு மீன்ல ஆரம்பிங்க. குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும், ஒரு நாள் தெறந்து வெச்சுட்டு ஊத்துங்க. பஞ்சைக் குழாயடியில அலசாதீங்க, தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே அலசுங்க. ரெண்டு நிமிசத்துல தின்னு தீர்க்கிற அளவுக்கு மேல தீனி வேண்டாம்.

இன்னியோட 24 நாள் ஆச்சு. அம்மோனியா எறங்கிருச்சு, நைட்ரைட்டு இன்னும் கொஞ்சம் காட்டுது. அதனால பக்கெட்டு ஓடிட்டுத்தான் இருக்கு. மகளுக்கு டாக்டரம்மா சொன்ன தேதி அடுத்த வெள்ளி. அதுக்குள்ள தண்ணி முழுசாத் தேறிரும்னு புள்ள கணக்குப் போட்டு வெச்சிருக்கு. பாப்பா வந்ததும் முதல்ல மீனைத்தான் காட்டுவாளாம்.