தணிந்ததும் தீர்ந்ததும்

ஆங்கிலத்தில் ‘க்யூர்’, ‘கேர்’ இரண்டும் பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கும். உறவே கிடையாது. க்யூர் லத்தீன் வழி வந்தது. அங்கே ‘கூரா’ என்றால் கவனிப்பு. கேர் பழைய ஆங்கிலச் சொல், அதன் முதல் பொருள் துக்கம். இதையெல்லாம் ராயப்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் ஒரு டுட்டோரியலில் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளுகிறவள் நான். நோய் க்யூர் ஆகும், புண் ஹீல் ஆகும், வலிக்கு ரிலீஃப் கிடைக்கும். மாற்றிப் போட்டால் ஒரு மார்க் போகும், அவ்வளவுதான்.

அப்பா விஷயத்தில் போகவிருந்தது மார்க் இல்லை. நுரையீரலில் புற்று, முதுகெலும்பு வரை வந்துவிட்டது. 5 நாள் கதிர்வீச்சு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் தாளில் ‘பாலியேட்டிவ்’ என்று ஒரு வரி, கடைசியில் ‘ரிலீவ்டு’. தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“ரிலீவ்டுன்னா சரியாயிட்டு வருதுன்னுதானேக்கா? இன்னும் கொஞ்சம் கரண்ட் வெச்சா முழுசா போயிடும். கூடுவாஞ்சேரி மனையை வித்துட்டுப் பெரிய ஆஸ்பத்திரியா பாப்போம்.”

அம்மாவுக்கென்று இருந்தது அந்த மனை ஒன்றுதான்.

பாலியேட்டிவுக்குள் ‘பால்லியம்’ என்ற லத்தீன் சொல் இருக்கிறது. மேலே போர்த்திக்கொள்ளும் ஆடை. உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், குளிர் மட்டும் தெரியாது. இதைத் தம்பியிடம் எங்கே போய்ச் சொல்ல? “வலி தணிஞ்சிருக்குடா. நோய் தீரல. தீராதுன்னுதான் டாக்டரும் சொன்னார்” என்றேன். தணிவது வேறு, தீர்வது வேறு என்பதற்கு அவனுக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

லியோன் ஐசன்பர்க் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1977இல் ‘டிஸீஸ்’ வேறு, ‘இல்னஸ்’ வேறு என்று எழுதினார். மருத்துவர் கண்டுபிடித்து வைத்தியம் பார்ப்பது முதலாவது, நோயாளி படுவது இரண்டாவது. அப்பாவுக்கு முதலாவது அசையவில்லை. இரண்டாவது குறைந்தது. 6 வாரம் ராத்திரி தூங்கினார். சாயங்காலம் தெருமுனை டீக்கடை வரைக்கும் போய் நின்று, போகிறவர் வருகிறவரிடம் வாய் கொடுத்துவிட்டு வந்தார். அந்த 6 வாரத்தைக் குணம் என்று சொல்ல முடியாது. வேறு என்னவென்று சொல்வது? ‘ஆறுதல்’ கிட்டத்தட்ட வருகிறது. தமிழில் காபியும் ஆறும், புண்ணும் ஆறும், மனசும் ஆறும். (“காபி ஹீல் ஆகட்டும் மிஸ்” என்று என் வகுப்பில் ஒருத்தி சொல்லியிருக்கிறாள்.)

மனையை விற்கவில்லை. தீர்வை ரசீது இன்னும் அம்மா பெயரில்தான் வருகிறது.